மருந்துக்குப் பின் வரும் வயிற்றுப்போக்கு

குடும்ப நலப் பகுதி

திருவக்கரைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வாசக அன்பர் ஒருவர் நமக்கு விரிவானதொரு கடிதம் எழுதியுள்ளார். அவருடைய தந்தையார் கல் குவாரியில் பல்லாண்டுகள் உழைத்தவர். வயது எழுபதைக் கடந்தவர். காலில் கல் பட்டுப் புண்ணாகிச் சீழ் வைத்தமையால், மருத்துவர் பத்து நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். புண் ஆறிற்று. ஆனால் மாத்திரை முடிந்து ஒரு வாரத்திற்குள் வயிற்றுப்போக்குத் தொடங்கிற்று. 'ஏதோ ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிட்டிருப்பார்' என்றெண்ணிய வீட்டார், மருந்துக் கடையில் சொல்லி, பேதியைக் கட்டும் மாத்திரையும் வேறோர் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிக் கொடுத்தனர். நான்கு நாட்களில் பெரியவர் காய்ச்சலும் வயிற்று உப்புசமும் கண்டு, எழுந்து நிற்கவும் இயலாத நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மலத்தைச் சோதித்தபின், 'டிஃபிசில்' என்னும் கிருமியால் வந்த நோய் என்று மருத்துவர்கள் கூறினர். இப்பொழுது நலமடைந்து வீடு திரும்பியிருக்கிறார்.

"புண்ணை ஆற்றிய மருந்தே பேதியை உண்டாக்குமா? இது ஒட்டுவாரொட்டி நோயா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே! அப்பாவைக் கோவிலுக்கு அழைத்துச் செல்லலாமா? இந்நோய் மறுபடியும் வருமா?" இவையே அன்பரின் வினாக்கள்.

இவ்வினாக்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவையல்ல. ஆன்டிபயாட்டிக் மாத்திரை நுழையாத வீடு இன்று நம் பங்குகளில் இல்லை. ஆதலின், இம்மாதம் இதனைப் பற்றியே பேசுவோம்.

களையும் பயிரும்

நம் பெருங்குடலில் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் மிகப் பல நமக்கு நண்பர்கள். உணவின் எச்சத்தைச் செரிக்க உதவுவதோடு, தீய கிருமிகள் வேரூன்ற இடங்கொடாமல் காவல் காப்பதும் அவற்றின் பணி.

இதனை உழவர் எளிதில் உணர்ந்துகொள்வர். நடவு செழித்து நெருங்கி நிற்கும் வயலில் களை தலைதூக்குவது அரிது. எல்லாவற்றையும் கருக்கும் மருந்தை அவ்வயலில் அடித்துவிட்டால் நெல்லும் சாகும், புல்லும் சாகும். வெறுமையான அந்த மண்ணில் முதலில் முளைப்பது எது? மண்ணுக்கடியில் கிழங்கை ஒளித்து வைத்திருந்த கோரையே அன்றோ!

ஆன்டிபயாட்டிக் மருந்து காலிலுள்ள புண்ணின் கிருமியை மட்டும் தேடிச் சென்று கொல்வதில்லை. அது குடலிலுள்ள நண்பர்களையும் அழிக்கிறது. அவ்வாறு காவல் குலைந்த குடலில் கோரையைப் போல முளைத்தெழுவதுதான் 'க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்னும் கிருமி. அது இரு வகை நச்சுப் பொருள்களைச் சுரக்கிறது. அந்நச்சு பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அதன் விளைவே இந்த வயிற்றுப்போக்கு.

கிருமியைக் கண்டறிந்த கதை

1935-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹால், ஓடூல் என்னும் இருவர், நலமாயிருந்த பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் இக்கிருமியைக் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்கு மிகவும் கடினமாயிருந்தமையால், 'கடினமானது' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். நலமான குழந்தைகளிடம் காணப்பட்டதால், அதனால் பெருந்தீங்கு வரும் என்று அப்பொழுது எவரும் எண்ணவில்லை.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள், கிளின்டாமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பெற்ற 200 நோயாளிகளைக் கவனித்து வந்தனர். அவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கும், பத்தில் ஒருவருக்குப் பெருங்குடலில் கடும் அழற்சியும் காணப்பட்டன. மருந்தே நஞ்சாயிற்றோ என்ற ஐயம் எழுந்தது. 1978-இல் ஜான் பார்ட்லெட் முதலான ஆய்வாளர்கள், அழற்சியை விளைவிப்பது மருந்தன்று, மருந்து உண்டாக்கிய வெற்றிடத்தில் பெருகும் டிஃபிசில் கிருமியின் நச்சே என்று நிறுவினர். நாற்பதாண்டுகளுக்கு மேல் நிரபராதியாய்க் கருதப்பட்ட கிருமி இவ்வாறு பிடிபட்டது.

நம் நாட்டிலும் இது புதிதன்று. சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் சேத்னா வைஷ்ணவி முதலானோர் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளனர். எனினும், காலரா, டைபாய்டு என்றால் அறிந்துகொள்ளும் நம் குடும்பங்களில் இந்நோயின் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே.

கல்மரமும் உயிருள்ள வித்தும்

திருவக்கரையின் கல்மரங்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரங்கள் கல்லாய் மாறிக் கிடப்பதாக நிலவியலார் கூறுவர். அம்மரங்கள் இனித் துளிர்க்கப் போவதில்லை. ஆனால் டிஃபிசில் கிருமி, தனக்குக் கேடு வருங்கால் கற்போன்ற தடித்த உறைக்குள் சுருங்கி, வித்தாக மாறிவிடுகிறது. அவ்வித்து மாதக்கணக்கில் கட்டில் விளிம்பிலும் கதவுப் பிடியிலும் கழிப்பறைத் தரையிலும் உயிரோடு கிடக்கும். கைவழியே வாய்க்குள் சென்று குடலை அடைந்ததும் மீண்டும் முளைத்துவிடும்.

ஆகவே, 'ஒட்டுவாரொட்டியா' என்ற வினாவுக்கு விடை 'ஆம்' என்பதே. ஆனால் இது இருமலாலோ தும்மலாலோ காற்றில் பரவுவதன்று. நோயாளியின் மலத்திலுள்ள வித்து பிறர் கையில் ஒட்டி வாயை அடைந்தால்தான் பரவும். அவ்வாறு அடைந்தாலும், குடற்காவல் குலையாத நலமுடையோருக்குப் பெரும்பாலும் நோய் வருவதில்லை. கைக்குழந்தைகள் பலர் இக்கிருமியைக் குடலில் தாங்கியிருந்தும் நோயின்றியே இருப்பர். ஆதலின் அன்பர் தம் குழந்தையைக் குறித்துக் கலங்க வேண்டியதில்லை. கை கழுவும் ஒழுங்கை விடாது காத்தால் போதும்.

யாரைத் தாக்கும்?

முதலாவது, அண்மையில் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டவர்களை. மருந்து உண்ணும் நாட்களிலேயே வரலாம்; முடிந்து சில வாரங்களிலும் வரலாம்; சிலருக்கு மூன்று மாதம் வரையிலும் இந்த ஆபத்து நீடிக்கும். எந்த ஆன்டிபயாட்டிக்கும் இதற்கு வழிதிறக்கக்கூடும். கிளின்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் இனத்தவை, செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்றவை இதில் முன்னிற்கின்றன. இரண்டாவது, 65 வயதைக் கடந்தவர்களை. மூன்றாவது, மருத்துவமனையில் நெடுநாள் தங்கியவர்களையும், சிறுநீரக நோய், புற்றுநோய் முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும். இரைப்பையின் அமிலத்தைக் குறைக்க நம்மவர் 'கேஸ் மாத்திரை' என்று மாதக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோல், பான்டபிரசோல் ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

இதனைப் படித்துவிட்டு ஆன்டிபயாட்டிக் என்றாலே அஞ்சி, நிமோனியாவுக்கும் சீழ் வைத்த புண்ணுக்கும் மருந்து வேண்டாமென்று ஒருவரும் மறுத்துவிடலாகாது. தக்க நேரத்தில் அம்மருந்துகள் உயிர் காப்பவை. ஆன்டிபயாட்டிக் உண்ணும்போது வயிறு சிறிது இளகுவதும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் அது இக்கிருமியால் வருவதன்று, தானே நின்றுவிடும்.

எப்பொழுது ஐயுற வேண்டும்?

ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகக் கழிதல், அடிவயிற்று வலி, காய்ச்சல், பசியின்மை ஆகியவை ஆன்டிபயாட்டிக் உண்டவரிடம் கண்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், வயிறு உப்பிக் கல்லாதல், சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இன்னொன்றையும் நினைவிற்கொள்க: கடும் பேதி திடீரென நின்று, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனால் 'நின்றுவிட்டது' என்று மகிழ்தல் கூடாது. குடல் செயலிழந்து வீங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அந்நிலையில் 108-ஐ அழைத்து, முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுவை ஜிப்மருக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு. "இவர் இன்ன தேதியில் இன்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார்." இந்த ஒரு செய்தியே மருத்துவரின் கருத்தை இந்நோயின்பால் திருப்பும். பழைய மாத்திரை அட்டையையும் மருந்துச் சீட்டையும் எறியாமல் மூன்று மாதம் ஓர் உறையில் பாதுகாத்து, உடன் எடுத்துச் செல்லுங்கள். கூடத்து நிற்கும் கூட்டத்தில் மருத்துவர் கேட்க மறந்தாலும் நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும்.

செய்யத்தகாத இரண்டு

நம் அன்பர் வீட்டில் நிகழ்ந்தவை இரண்டும் பல வீடுகளில் நிகழ்பவையே.

ஒன்று, பேதியைக் கட்டும் லோபரமைடு போன்ற மாத்திரையைத் தாமாகக் கொடுத்தல். குடலின் அசைவை அது அடக்கிவிடும். வெளியேற வேண்டிய நச்சு உள்ளேயே தேங்கும். இந்நோய் என்ற ஐயமிருக்கையில் அதனைக் கொடுக்கலாகாது.

மற்றொன்று, பேதிக்கென்று மேலும் ஓர் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தல். கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் நார்ஃப்ளாக்சசின், மேலே கூறிய சிப்ரோஃப்ளாக்சசினின் உடன்பிறப்பு. முன்னமே கருகிய வயலில் மீண்டும் மருந்தடிப்பதற்கு இது ஒப்பாகும்.

மாறாக, வீட்டில் உடனே செய்யத்தக்கது நீரிழப்பைத் தடுப்பதாகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன்மேல் குறித்துள்ள அளவு நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் ஒரு தம்ளர் வீதம் மெல்ல மெல்லப் பருகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையேல், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய பங்கான் முகாமில் காலராவால் மாண்டுகொண்டிருந்தோரை டாக்டர் திலீப் மஹலநாபிஸ் காப்பாற்றியது இத்தகைய கரைசலைக் கொண்டே. இதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். உப்பிட்ட கஞ்சியும் மோரும் நல்லுணவு. ஆயினும் மோரே இந்நோய்க்கு மருந்தாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

மருத்துவம்

மலத்தில் கிருமியும் நச்சும் உளவா என்று சோதித்து நோயை உறுதி செய்வர். காரணமான ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த இயலுமானால் மருத்துவர் நிறுத்துவார், நாமாக நிறுத்தலாகாது. இக்கிருமியை அழிக்க வாங்கோமைசின் அல்லது ஃபிடாக்சோமைசின் பொதுவாகப் பத்து நாட்கள் கொடுக்கப்படுகிறது. இவை கிடைக்காவிடில், நோய் கடுமையாக இல்லாதபோது, மெட்ரோனிடசோல் கொடுப்பதுண்டு.

இங்கே ஒரு குறிப்பு. ஊசி போட்டால்தான் நோய் தீரும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. ஆனால் வாங்கோமைசினை நரம்பு வழியே ஏற்றினால் அது பெருங்குடலின் உள்ளே போதிய அளவு சென்றடைவதில்லை. ஆகவே இந்நோய்க்கு அதனை வாய்வழியே கொடுப்பார்கள். 'ஊசி போடவில்லையே' என்று மருத்துவரை நெருக்க வேண்டாம்.

மறுபடியும் வருமா என்றால், வரக்கூடும். குணமடைந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குச் சில வாரங்களுக்குள் திரும்பி வருகிறது. ஏனெனில் வித்துக்கள் மருந்துக்குத் தப்பி நிற்கும். நண்பர்களோ இன்னும் முற்றிலும் குடியேறியிருக்கமாட்டார்கள். ஆகவே மீண்டும் பேதி கண்டால் கடைக்குச் செல்லாது மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப வருவோருக்கு ஒரு வியப்பான மருத்துவம் உண்டு. நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, நன்கு சோதித்து, நோயாளியின் குடலில் செலுத்துவது அது. கேட்க அருவருப்பாகத் தோன்றினும், களைத்த வயலில் மறுநடவு செய்வதே இது. நெதர்லாந்தில் நிகழ்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், இவ்வாறு மருத்துவம் பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் நலம் பெற்றனர். வாங்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரிலோ நலம் பெற்றவர் நால்வரே. பெரிய மருத்துவமனைகளில், தக்க சோதனைகளோடு மட்டுமே இதனைச் செய்வர்.

வீட்டில் காக்க வேண்டிய ஒழுங்கு

கொரோனாக் காலத்தில் சானிடைசரைக் கையில் தேய்த்துப் பழகிவிட்டோம். ஆனால் சாராயம் கலந்த அத்திரவம் டிஃபிசில் வித்தைக் கொல்லாது. சோப்பும் ஓடும் நீருமே கையிலிருந்து அதனைக் கழுவி நீக்கும். நோயாளியைத் தொட்டபின்னும், துணி மாற்றியபின்னும், கழிப்பறை சென்றபின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பேதி நிற்கும்வரை நோயாளிக்குத் தனிக் கழிப்பறை இருந்தால் நலம். ஒரே கழிப்பறையாயின், அதன் தரையையும் குழாய்ப் பிடியையும் கதவுத் தாழையும் நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். ஃபினாயில் மணக்கும்; ஆனால் இவ்வித்தை அழிக்காது. துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதனோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். அழுக்கான துணிகளைத் தனியே சுடுநீரில் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று. அதனை இந்நோயின் பொருட்டு நிறுத்த வேண்டுவதில்லை. ஆனால் மருத்துவமனைக்குச் செல்வோர் நோயாளியின் கட்டிலில் அமராமலும், அங்கேயே உணவு உண்ணாமலும், வெளிவரும்போது சோப்பால் கை கழுவியும் வர வேண்டும். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு வித்தைக் கொண்டு செல்வது பெரும்பாலும் அன்போடு நீட்டிய கைகளே. பேதி நின்று இரண்டு நாட்கள் கழிந்தபின் பெரியவர் தாராளமாகக் கோவிலுக்கு வரலாம். எவரும் அவரை விலக்கி நடத்தலாகாது.

மருந்துக் கடை வாயிலில்

இந்நோயைக் குறைக்க இயலுமா? இயலும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் 2003-க்கும் 2005-க்கும் இடையே இக்கிருமி பரவி 33 பேரேனும் உயிரிழந்தனர். 2007-08-இல் அந்நாட்டில் 55,000-க்கு மேற்பட்ட நோயாளிகள் பதிவாயினர். பின்னர் கை கழுவுதலையும் தூய்மையையும் கண்டிப்பாக்கினர். ஆன்டிபயாட்டிக் எழுதுவதையும் கட்டுப்படுத்தினர். 2013-14-இல் அத்தொகை 14,000-க்கும் கீழே இறங்கிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் இன மருந்துகளைக் குறைத்ததே இவ்வீழ்ச்சிக்கு முதற்காரணம் என 2017-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு தெரிவித்தது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. 2012-இல் நம் சென்னையில் கூடிய மருத்துவ வல்லுநர்கள், ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை நெறிப்படுத்துமாறு 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டனர். 2014 மார்ச் 1 முதல், குறிப்பிட்ட பல ஆன்டிபயாட்டிக்குகள் 'எச்-1' அட்டவணையில் வைக்கப்பட்டு, மருத்துவர் சீட்டின்றி விற்றலும், விற்றதைப் பதிவேட்டில் எழுதாமலிருத்தலும் தடுக்கப்பட்டன. 2016-இல், மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு கண்டால் மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர் என்ற இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. ஆயினும் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் 'ஸ்ட்ராங்கா நாலு மாத்திரை கொடுங்க' என்று கேட்பவர் நாமாயிருக்கும்வரை சட்டம் என் செய்யும்? சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றை ஆன்டிபயாட்டிக் தொடுவதுகூட இல்லை. அது தொடுவதெல்லாம் நம் குடலிலுள்ள நண்பர்களைத்தான்.

ஆகவே, குடும்பத்தார் மூன்றை உறுதியாகக் கொள்ளுங்கள். மருத்துவர் எழுதாத ஆன்டிபயாட்டிக்கை வாங்குவதில்லை. ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடுப்பதுமில்லை. மருத்துவர் எழுதும்போது, "ஐயா, இது ஆன்டிபயாட்டிக்கா? எத்தனை நாள்? அவசியந்தானா?" என்று பணிவோடு கேட்பது நம் உரிமை. அதனை உண்ட முதியவருக்கு மூன்று மாதத்திற்குள் பேதி கண்டால், கடைப்படி ஏறாமல், மாத்திரை அட்டையோடு மருத்துவமனைப்படி ஏறுவோம்.

இன்றே அலமாரியைத் திறந்து பாருங்கள். முன்னொரு நோய்க்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகள் சில, சிவப்புக் கோட்டோடு அங்கே கிடக்கக்கூடும். 'அடுத்த முறைக்கு ஆகும்' என்று அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டாம்.